பிஸ்கட் டின்னில் எட்டு பட்டன்கள்

அய்யாவுவின் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவி, கத்தி கீறாமல் பார்த்துப் பார்த்து மழித்துக்கொண்டிருந்தார் லோகேஸ்வரன். செத்தவருக்கும் வலிக்குமோ என்பதுபோல அவ்வளவு மெதுவாக. தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள் வாசுகி. அப்பா அய்யாவுவோடு பதினோரு வருடம் ஒரே தாமான் குடியிருப்பு வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தவர் அவர். அம்மா தினமும் கட்டிக்கொடுத்த இரண்டு டிபனில் ஒன்று அவருக்குத்தான். சித்தப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். இந்த வேலையை வேறு ஒருவர் செய்ய அவளும் விட்டிருக்கமாட்டாள்.

கம்பெனி சூப்பர்வைசர் சுகுமாறன் மாலையோடு ஒரு தாளும் கொண்டுவந்தார். வேலை நேரத்தில் இறந்ததால் இழப்பீட்டுப் படிவங்களோடு சேர்க்கவேண்டிய ரோந்துப் பதிவாம். தாமானைச் சுற்றி எட்டு இடங்களில் சுவரில் இரும்புப் பட்டன் பதித்திருக்கும். மணிக்கொருமுறை ஜாகா நடந்துபோய் ஒவ்வொன்றையும் கையிலிருக்கும் குச்சியால் தொடவேண்டும். ஒரு சுற்று தவறினால் பத்தே நிமிடத்தில் கம்பெனியிலிருந்து போன் வரும்.

"உங்கப்பா மாதிரி ஆளு கெடைக்காதும்மா," என்றார் சுகுமாறன். "கடைசி நாளு கூட ஒரு பாயிண்ட் மிஸ் பண்ணல, பாருங்க."

வாசுகி பார்த்தாள். ஒரு மணி, எட்டு பட்டன். இரண்டு மணி, எட்டு. மூன்று மணி, எட்டு.

அப்பா மதியம் ஒன்று இருபதுக்கே விழுந்துவிட்டார். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால், மதில் நிழலில் அவர் உட்காருவதும் அப்படியே சாய்வதும் எதிர்வீட்டு கேமராவில் இருந்தது. துணி எடுக்க வந்த வேலைக்காரப் பெண் மூன்றரைக்குத்தான் பார்த்திருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனபோது வாசல் காவலறையான கார்ட் ஹவுஸ் மேசைக்கடியில் அந்த பிஸ்கட் டின்னைப் பார்த்திருந்தாள். சுவரிலிருந்து நெம்பி எடுத்த எட்டுப் பட்டன்களும் அதில் கிடந்தன. நாற்காலியைவிட்டு எழாமலே இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டிவிடலாம். மழையில எவன் நடப்பான் என்று லோகேஸ்வரன் சிரித்தார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே சொல்லிவிடாதே என்று மகளிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பட்டன் டின்னுல இருந்தா என்ன, கண்ணு என்கிட்டதானே இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சுற்றப் போனார். வாசுகியும்தான் சிரித்தாள் அன்றைக்கு.

முந்தாநாள் காலையில் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா வேலைக்குக் கிளம்பினார். மனசு கேட்காமல் இரண்டு பத்துக்கு பேக்டரியிலிருந்து போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. கார்ட் ஹவுஸுக்கு அடித்தாள். லோகேஸ்வரன் எடுத்தார்.

"ரவுண்ட்ஸ்ல இருக்காரும்மா."

அப்பாடா என்று போய் வேலையைப் பார்த்தாள். சாப்பாட்டில் பங்கு கொண்ட மனிதர் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

சுகுமாறன் இன்னும் அப்பாவின் நேர்மையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது வாயைத் திறந்தால் லோகேஸ்வரனின் வேலை போகும். கூடவே அந்த நேர்மையும் போகும், டின்னைப் பற்றித் தெரிந்தும் அப்பா வாயை மூடிக்கொண்டிருந்தவர்தானே. அதற்காக அப்பாமீதும் கோபம் வந்தது. தாளை நான்காக மடித்து, நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தபோது லோகேஸ்வரன் தலைமாட்டில் நின்றார். வாசுகி கிட்டப்போனாள்.

"நீங்க தூக்க வேணாம் சித்தப்பா."

"ஏம்மா?"

"ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் டின்னுல தட்டுனது நீங்கதானே?"

அவர் தன் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் சோப்பு காய்ந்திருந்தது. "தூங்குறாருன்னு நெனச்சேன்மா," என்றார். "காலையிலயே முடியலன்னாரு. எழுப்ப வேணாம்னுதான் நானே தட்டிட்டேன்."

"தட்டாம விட்டிருந்தா போன் வந்திருக்கும். யாராவது தேடியிருப்பாங்க."

வேறு யாராவது செய்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். இவரிடம் கத்தவும் முடியவில்லை. பக்கத்து வீட்டு தீபன் வந்து தோள் கொடுத்தான். லோகேஸ்வரன் விலகி நின்றார்.

சவ வண்டி முன்னால் நகர, அம்மாவும் வாசுகியும் ஏறிய வேன் பின்னால் போனது. தாமான் சாலை முடிந்து பெரிய ரோட்டில் திரும்பும் இடத்தில் லோகேஸ்வரன் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். எப்போது நடந்து வந்தாரோ தெரியவில்லை. சவ வண்டி திரும்புவதற்காக ஒரு லோரியைக் கைகாட்டி நிறுத்தியிருந்தார்.

அம்மா திரும்பித் திரும்பி வேனுக்குள் தேடினாள்.

"லோகேசு எங்கடி? வண்டியில ஏறலையா?"

வேன் அவரை உரசுவதுபோல் மெல்லத் திரும்பியது. கண்ணாடி இறங்கியிருந்தது.

"ரவுண்ட்ஸ்ல இருக்காரும்மா," என்றாள் வாசுகி.

அவர் காதில் விழுந்தது. முகம் அவள் பக்கம் திரும்பியது. லோரியை நிறுத்திய கை மட்டும் அப்படியே நீட்டியபடி நின்றது, வண்டிகள் எல்லாம் போன பிறகும்.