ஆயில் மூடியும் வெள்ளைச் சட்டையும்

"வித்தாச்சுன்னா வித்தாச்சு! இறங்குடி கீழே!"

"இறங்க மாட்டேன். வேணும்னா என்னையும் சேர்த்து வித்துக்கோ!"

நாங்கள் மாடிச் சுவரோரம் வந்து சேர்வதற்குள் சண்டை பாதி ஓடிவிட்டது. தவறிப்போன முதல் பாதிக்காக எங்கள் தெரு இன்னும் வருத்தப்படுகிறது. தங்கை ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு காருக்குள். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே. வண்டி வாங்க வந்த வியாபாரி கேட்டருகில், உள்ளே வருவதா வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல்.

கார் அவள் சம்பாதித்து வாங்கியது. ஆஸ்பத்திரி நர்சுகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வருவது அவள் பிழைப்பு. ஆனால் அந்த வீட்டில் எது யாருடையது என்பதை அண்ணன்தான் முடிவு செய்வார். போன வாரம் நடுரோட்டில் பானெட்டிலிருந்து புகை கிளம்பி நர்சுகள் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலமே "இன்ஜின் போச்சு, இனிமே நீ வீட்டோட இரு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். தீர்ப்பின் பின்பாதியைச் சொல்லத்தான் அவர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். தெருவில் அவருக்குப் பெயர் 'இறுக்கி'. குழாயோ பாட்டிலோ சர்க்கரை டப்பாவோ, மூடியுள்ள எதையும் கொறடு போட்டு ஒரு சுற்று கூடுதலாக முறுக்கி வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை அந்த வீட்டில் காபிக்குச் சர்க்கரை கிடையாது. அண்ணி எங்கள் வீடுகளில் கடன் வாங்கிய சர்க்கரையைச் சேர்த்தால் ஒரு கடை வைக்கலாம்.

"இன்ஜின் போச்சுன்னா புகை பின்னாடி குழாய்ல வரணும்ண்ணா. இது முன்னாடில்ல வந்துது!"

"பெரிய இன்ஜினியரு!"

"ஆயில் ஊத்துற வாய் இருக்கே, அதோட மூடியில யாரு கொறடு போட்டது? நீதானே? பல்லு பதிஞ்சிருக்கு பாரு!"

"லூசா விட்டா ஆயில் வெளிய வரும்னு டைட் பண்ணேன். தப்பா?"

"எங்க, அதை இப்ப கழட்டிக் காட்டு. கழட்டிட்டா நானே சாவியைத் தர்றேன்."

சவால் விட்டால் இறுக்கியால் சும்மா இருக்க முடியாது. கொறட்டை எடுத்து வந்து பானெட்டைத் தூக்கி முறுக்கினார். முகம் சிவந்தது. படக்கென்று மூடியின் தலை மட்டும் கொறட்டோடு கையில் வந்தது. நல்லவேளை, துண்டு எதுவும் உள்ளே விழவில்லை. மீதியை அவள் நோண்டி எடுத்தாள். அடியிலிருந்த ரப்பர் வாஷர் அப்பளமாக நசுங்கி, வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்பு வழியாகத்தான் ஆயில் தெறித்து, சூடான இன்ஜினில் வழிந்து கருகியிருக்கிறது.

"பழசாகி உடைஞ்சிடுச்சு" என்றார் அண்ணன், கொறட்டைப் பார்த்து.

அவள் கைப்பையிலிருந்து புது மூடியை எடுத்தாள். காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. ஆயில் ஊற்றும் வாயைச் சுற்றித் துடைத்தாள். அளவுக் கம்பியை உருவிப் பார்த்துக் குறைந்த ஆயிலை ஊற்றினாள். இன்ஜின் மேல் வழிந்திருந்ததையெல்லாம் பழைய துணியால் சுத்தமாக எடுத்தாள். புது ரப்பரில் ஒரு சொட்டு ஆயில் தடவி, மூடியை வைத்து, கையால் திருப்பினாள். டக். அவ்வளவுதான்.

"கையால திருப்பினா நிக்குமா? நாலு தெரு தாண்டாது!"

"தாண்டினா?"

"தாண்டினா நான் வாயே திறக்கலை."

நடக்காத காரியத்தை இவ்வளவு பேர் முன்னால் வாக்குக் கொடுக்கலாமா? அவள் சாட்சிக்கு வியாபாரியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றோம். ஆஸ்பத்திரி வரை போய், மேட்டு ரோடு ஏறி, சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். புகை இல்லை. பானெட் திறந்தது.

"யாராவது ஒரு துணி குடுங்க. வெள்ளையா."

அண்ணிதான் உள்ளே போனார். இஸ்திரி போட்டு வைத்திருந்த அண்ணனின் வெள்ளைச் சட்டையோடு வந்தார்.

"ஏய், அது நாளைக்குப் போடுற சட்டை!"

"ஆயில் ஒழுகலைன்னா கறை படாது. அப்புறம் உங்களுக்கென்ன?" என்றார் அண்ணி. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

தங்கை மூடியைச் சுற்றி அழுத்தித் துடைத்து, சட்டையை விரித்துப் பிடித்தாள். கொஞ்சம் தூசி. ஆயில் பொட்டுக்கூட இல்லை.

"சார், இது விக்கிற வண்டி இல்லை" என்றார் வியாபாரி, கொடுக்க எடுத்து வைத்திருந்த முன்பணத்தைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தபடி.

"நான் காலையிலேர்ந்து அதைத்தானே கத்திக்கிட்டிருக்கேன்!" என்றாள் அவள். மறுநாள் நர்சுகள் வழக்கம்போல வந்து ஏறினார்கள்.

அப்புறம்? அந்த வியாபாரி காரணமே இல்லாமல் எங்கள் தெருவழியாகப் போக ஆரம்பித்தார். கடைசியில் அவளையே கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடியேறிவிட்டார். ஊரில் உள்ள வண்டியெல்லாம் விற்பவருக்கு அந்த ஒரு வண்டியின் பானெட்டைத் திறக்க மட்டும் அனுமதி கிடையாது. இறுக்கி வேலை மாற்றலாகி வெளியூர் போனார். ரயிலடிக்குக் காரில் கொண்டுபோய் விட்டது அண்ணி. ஓட்டக் கற்றுக்கொடுத்தது, பக்கத்தில் உட்கார்ந்து, நாத்தனார். அண்ணி அவரோடு போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறார். இப்போது சர்க்கரை கேட்டு அவர் வருவதில்லை, நாங்கள்தான் போகிறோம்.