சூடாமணி கோடிட்ட வரிகள்

ஆரியசாலையில் கயிறும் சாக்கும் மொத்தமாக விற்கும் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில் போனார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம் மாசி மாதம், நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில் பாறசாலை தாண்டி ஜீப் கவிழ்ந்தது. அண்ணன் தாசையனுக்கு நாற்பத்தெட்டு வயது, தம்பி தங்கையனுக்கு முப்பத்தாறு. கடைக்கு மேலே இருந்த வீட்டில் அவர்களுடைய மனைவிமார் மிஞ்சினார்கள். மூத்தவள் செல்வமணி. இளையவள் சூடாமணி, பிள்ளையில்லாதவள். கடையை, நாகர்கோவிலில் இருந்த, செத்துப்போன இருவருக்கும் மூத்த அண்ணனான பகவதிப்பெருமாள் ஒரு ஆளை வைத்து நடத்தினார்.

முதல் ஆறு மாதம் இருவரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஒருத்தி சாப்பிடாவிட்டால் மற்றவளும் சாப்பிடவில்லை. செல்வமணிக்கு அதில் ஒரு பிடிப்பு இருந்தது. தன் கல்யாண வாழ்க்கையில் கிடைக்காத சமத்துவம் துக்கத்திலாவது கிடைத்ததே என்று அவள் வெளிப்படையாக நினைக்கவில்லை. ஆனாலும் அது அப்படித்தான் இருந்தது. தங்கையன் தினமும் சூடாமணிக்குப் பிச்சிப்பூ வாங்கி வருவான். தாசையன் அப்படி ஒருநாளும் வந்ததில்லை. இப்போது இருவர் தலையிலும் பூ இல்லை.

ஆவணியில் ஒருநாள் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கப் போன சூடாமணி, நடைபாதைக் கடையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தோடு வந்தாள். துக்கத்தோடு இருக்கப் பழகுவது பற்றி யாரோ ஒரு சாமியார் எழுதியது. அதை முடித்துவிட்டு இன்னொன்று வாங்கினாள். பிறகு அந்தக் கடைக்காரர் சொல்லி, கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் சேஷன் என்ற ரிட்டயர்டு கிளார்க் வீட்டில் ஞாயிறு மத்தியானம் கூடுகிறவர்களைத் தேடிப் போனாள். ஏழெட்டுப் பேர் தமிழிலும் மலையாளத்திலும் ஏதாவது வாசித்து, மனதில் பட்டதைச் சொல்வார்களாம்.

ஐப்பசி வருவதற்குள் சூடாமணி நன்றாகத் தூங்கினாள். குழம்பில் உப்புக் குறைந்தால் சொன்னாள். ஒருநாள் பால்காரியிடம் பேசிக்கொண்டிருந்தவள் எதற்கோ சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டு செல்வமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரே ஜீப், ஒரே சுடுகாடு. இவளுக்கு மட்டும் எங்கிருந்து சிரிப்பு வருகிறது?

அதற்கடுத்த ஞாயிறு சூடாமணி போனதும் செல்வமணி அவளுடைய புத்தகங்களை எடுத்தாள். எட்டாம் வகுப்பு படித்தவள், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். சில வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. மருந்து இதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்துக் கோடிட்டவற்றை மட்டும் தேடித் தேடி வாசித்தாள். ‘பிரிந்தவர் நம்மிடம் எதையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை’ என்று ஒரு பக்கத்தில் இருந்தது. ஐந்தாறு தடவை வாசித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கண்ணுக்குள் தாசையன் சட்டைப் பித்தான் போடாமல் வாசலில் அப்படியேதான் நின்றான். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருந்தது. மூச்சு வந்தது, போனது. புத்தகங்களை இருந்தபடியே வைத்துவிட்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோலக் கோபத்தோடு பாத்திரம் தேய்த்தாள். ஆறு ஞாயிறுகள் இப்படியே போயின.

கிறிஸ்துமஸ் லீவுக்குச் செல்வமணியின் மகள் ஸ்மிதா நர்சிங் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். வந்த மறுநாளே சித்தியின் அருகில் போய் உட்கார்ந்தாள். இருவரும் ஒரு புத்தகத்தைப் பகிர்ந்து வாசித்தார்கள். அப்பாவைப் பற்றி மகள் சித்தியிடம் மெல்லப் பேசுவது கேட்டது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதா மக்கா?” என்றாள் செல்வமணி அன்று சாயங்காலம்.

“பேசினா நீங்க அழுவிய அம்மா. சித்தின்னா கேப்பாங்க.”

செல்வமணி செருப்பை மாட்டிக்கொண்டு தெரு முக்கிலிருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனாள். நாகர்கோவிலில் பகவதிப்பெருமாளுக்குப் போன் போட்டு, “அத்தான், சூடாமணி ஞாயித்துக்கிழமைதோறும் கோட்டைக்குள்ள ஒரு ஆளப் பாக்கப் போறா. ஆளுவ வேற மாதிரி பேசுதாவ” என்றாள். யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை.

பகவதிப்பெருமாள் சனிக்கிழமையே பஸ்ஸேறித் தம்பானூர் ஸ்டாண்டில் வந்திறங்கினார். வீட்டுக்குள் வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், “இனி வெளிய போகண்டாம். நம்ம குடும்பத்துக்கு ஒரு பேரு உண்டு” என்றார்.

சூடாமணி அவரை எதிர்த்துப் பேசவில்லை. “நாளைக்கு நீங்களும் வாங்க அத்தான். வந்து பாத்துட்டு, போகாதேன்னு சொன்னா போகல்ல” என்றாள்.

மறுநாள் அவர் போனார். செல்வமணி ஜன்னலருகே நின்று காத்திருந்தாள். அவர் அங்கே சத்தம் போடுவதையும், சூடாமணி தலை குனிந்து திரும்புவதையும் மனதுக்குள் பலமுறை பார்த்துவிட்டாள். ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள். பகவதிப்பெருமாளின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

“அங்க ஒரு சேச்சி வாசிச்சாவ. மலையாளம், பாதி எனக்கு மனசிலாகல்ல. ஆனா தம்பிமாரு பேரச் சொல்லி நான் அழுதுட்டேன் செல்வமணி. சவத்தத் தூக்கினப்பகூட அழல்ல கேட்டியா” என்றார். பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். அடுத்த மாதம் கடை விஷயமாக வரும்போது ஞாயிறாகப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

தடுக்க வந்தவருக்கும் ஆறுதல் கிடைத்துவிட்டது. செல்வமணி பரிமாறிய கரண்டியோடு அடுப்படியில் நின்றாள். அந்த வீட்டில் தான் ஒருத்தி மட்டும்தான் பாக்கி என்று பட்டது.

ஸ்மிதா மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்த நேரத்தில் சூடாமணி வந்து நிலைப்படியில் நின்றாள்.

“நீங்கதான அக்கா அத்தானுக்குப் போன் பண்ணினிய?”

“ஆமா.”

“எதுக்கு?”

செல்வமணி வேறொன்று கேட்டாள். “எந்தப் பக்கம் சூடாமணி? ஒனக்கு எந்தப் பக்கத்துல சரியாச்சு? நீ கோடு போட்டது பூராவும் நான் படிச்சிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவல்ல.”

சூடாமணிக்கு முதலில் பிடிபடவில்லை. “கோடு போட்டதா? அது என்னால நம்ப முடியாத வரியாக்கும். அங்க போய்க் கேக்கணும்னு போட்டேன். சேஷன் சாருக்கும் பலதுக்கும் பதில் தெரியாது. எனக்குச் சரியாச்சுன்னு யாரு சொன்னா?”

“நீ சிரிக்கியே.”

“சிரிப்பு வந்தா சிரிக்கேன்.”

செல்வமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஒன் மாப்பிள ஒங்கிட்ட சொல்லிட்டுப் போனான். நான் அவருகிட்ட நாலு நாளு பேசல்ல. கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போகச் சொன்னேன், வேண்டாம்னாரு. அதுக்கு. ஜீப்புல ஏறும்போது மேல பாத்தாரு. நான் ஜன்னலச் சாத்தினேன்.” பத்து மாதமாக யாரிடமும் சொல்லாதது. “ஒனக்கு மனசுல குத்தம் இல்லாம அழ முடிஞ்சுது. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல.”

சூடாமணி கையைப் பிடிப்பாள் என்று அவள் எதிர்பார்த்தாள். சூடாமணி பிடிக்கவில்லை.

“நீங்க என்னப் பத்திச் சொன்னது ரொம்ப மோசம் அக்கா. இத்தனை புஸ்தகம் படிச்சும் என்னால அத இன்னிக்கு விட முடியல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுவதும் தேவைக்கு மேல் பேச்சில்லை. ஸ்மிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், கேட்கவில்லை. ஞாயிறு மத்தியானம் சூடாமணி புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“வாறதுன்னா வாங்க. ஆனா என் பக்கத்துல உக்காரண்டாம்.”

செல்வமணி போனாள். சேஷன் வீட்டுக் கூடத்தில் கதவோரமாக உட்கார்ந்தாள். அவருடைய மனைவி லலிதாம்பாள், “நன்னா சுவத்துல சாஞ்சுக்கோங்கோ” என்று ஒரு தலையணையை நகர்த்தினாள். யாரோ வாசித்தார்கள். மற்றவர்கள் சூடாமணியைப் பிரியமாகப் பார்ப்பதும், அவள் பேசும்போது தலையாட்டுவதும் செல்வமணியை இன்னும் குத்தத்தான் செய்தன. தன் முறை வந்தபோது செல்வமணிக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

“என் கொழுந்தன் பெஞ்சாதி மேல நான் பொய் சொன்னேன். அவ இங்க வந்து நல்லாவுதாளேன்னு பொறாமை” என்றாள்.

சூடாமணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “அடுத்தது யார் வாசிக்கறேள்?” என்று கேட்டார். செல்வமணிக்கு அந்தக் கேள்வி பெரிய உபகாரமாக இருந்தது.

திரும்பும்போது சூடாமணி பத்தடி முன்னால் நடந்தாள். சாலைக் கடைத்தெருவின் நெரிசலில் அவள் முதுகைத் தவறவிடாமல் செல்வமணி பின்னால் வந்தாள். மிளகாய் மண்டி அருகே சூடாமணி திரும்பாமலே கேட்டாள்.

“பேசாத அந்த நாலு நாளும் அத்தானுக்குச் சோறு போட்டியளா?”

“போட்டேன். பேசல்லன்னா பட்டினி போடுவனா?”

“தின்னாரா?”

“தின்னாரு. மூணாம் நாளு சாளை மீன் கொழம்பு. இன்னும் வேணும்னு கேக்க ரோஷம். கரண்டியால சட்டியத் தட்டித் தட்டிக் காட்டினாரு. நான் பாக்காத மாதிரி நின்னுட்டுப் பெறவு ஊத்தினேன்.”

சூடாமணி நடையைக் குறைத்தாள். செல்வமணி எட்டி நடந்து அவளோடு சேர்ந்துகொண்டாள்.