மூணு மணி இடி

...பச்சை ஒண்ணு வந்துடுச்சு, இன்னும் ரெண்டு வரணும், ஓரத்துல இருக்குற அந்தச் சிவப்பு அணையணும், அப்புறந்தான் லைன் வரும், வரட்டும் மெதுவா, என்ன அவசரம், போன மனுசன் போயாச்சு... லோகேஸ்வரி டிவி மேசைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளக்கை மறுபடி சொருகி ஒரு நிமிசம் ஆகியிருக்காது. மகள் ஷாமினி நீலாயிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, அப்பா போயிட்டாரும்மா, மூணே முக்காலுக்கு, உனக்கு அடிச்சுப் பார்த்துட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு அடிச்சாங்க, நானும் எத்தனை தடவை கூப்பிட்டேன், போகவே இல்ல, ரூட்டரப் புடுங்கிட்டியா, என்றாள். ஆமாடி, இடி, என்றாள் லோகேஸ்வரி. புருசன் செத்த சேதி காதில் விழுந்ததும் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். ஐயோன்னு வரலை, சாமின்னு வரலை, இடின்னு வந்துச்சு, வெக்கங்கெட்ட வாய்.

ஷாமினி நம்பிவிட்டாள், நம்பாமல் என்ன, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே கிடக்கும் இந்த லயத்து வீடுகளுக்குக் கைப்பேசி லைன் எட்டிப் பார்க்காது, ரோடு வரைக்கும் நடந்து போய்க் கையைத் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு வரும், வீட்டுக்குள் இருந்து பேசணும்னா இந்தப் பெட்டி ஒண்ணுதான் வழி, அதுவும் மூணாவது பெட்டி, முன்னால் இருந்த ரெண்டும் இடியில் கருகிப்போச்சு. முதல் இடிக்குக் கொடித்துணியை எடுக்கணும், ரெண்டாவது இடிக்கு எல்லா பிளக்கையும் புடுங்கணும், ஃபிரிட்ஜு, டிவி, ரூட்டர், பக்கத்து வீட்டுக்காரி நிலைக்கண்ணாடிக்குக்கூட துண்டு போட்டு மூடுவாள். இடின்னு சொல்லிட்டா இந்த லயத்துல யாரும் மேல கேக்கமாட்டாங்க. ரெண்டாவது பச்சையும் வந்துவிட்டது.

இடிச்சதா இல்லையா... லுக்குட் பக்கம் உருட்டுன மாதிரி இருந்துச்சே, கல்லு லோரியா இருக்குமோ, இல்ல, இடிதான், இடிக்காமலா எழுந்து போயிருப்பேன், காலையில பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயி, கஞ்சி ஊட்டி, துடைச்சு விட்டு, அந்த மனுசன் வாயில எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து படுத்தவ. பன்னிரண்டு நாளாகப் புருசன் குணாளன் வார்டிலிருந்து கூப்பிட்டபடி இருந்தான், ஒரே நாளில் முப்பது தடவை, லோகா ஃபேன் காத்து வரல, லோகா பக்கத்து பெட்டுக்காரன் இருமிக்கிட்டே கெடக்கான், லோகா என்னை வந்து கூட்டிட்டுப் போயிடு. திரையில் பாதி நேரம் மூக்கும் கூரையும்தான் தெரியும். டிராக்டர் ஓட்டின காலத்தில் வாசலுக்கு வரும்போதே லயம் முழுக்கக் கேட்கும் அந்த லோகா, இருபத்தெட்டு வருசம் அதைக் கேட்டதும் முதல் யோசனை, குடித்திருக்கிறானா, தட்டு பறக்குமா. படுக்கையில் விழுந்த பிறகாவது அது ஓயும்னு நினைச்சேனே, இந்தப் பெட்டி வழியா வீட்டுக்குள்ளயே வந்து கத்துச்சே. மூணு மணிக்கும் அதேதான். லோகா, மூச்சு முட்டுது. தினமும் முட்டுற மூச்சுதானே. நர்ஸக் கூப்பிடு, நான் என்ன டாக்டரா, என்று சொல்லி ஃபோனை வைத்தாள். மறுபடியும் அடித்தது. எழுந்து போய்ப் புடுங்கினாள். அப்புறம் அந்த அமைதி, அடடா, தூங்கினாளே ஒரு தூக்கம், கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அப்படித் தூங்கினதில்லை, அந்த நேரத்துலதான் அங்க... எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான், கடைசி மூச்சுக்கு எவ்வளவு நேரம் முன்னால்?

கட்டிலடியிலிருந்து அப்பாவின் அடையாள அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, ரூட்டரப் போட்டியாம்மா, பெடாஸ்ல இருக்குற மாமாவுக்குச் சொல்லணும், கோயில் குரூப்புல போடணும், என்று கேட்டபடி ஷாமினி பின்கட்டுக்குப் போனாள். திரும்பும்போது கையில் அப்பாவின் வெள்ளை வேட்டி, காலையில் லோகேஸ்வரி துவைத்துப் போட்டது, மொடமொடன்னு காய்ந்திருந்தது. துணியெல்லாம் கொடியிலேயே கெடக்குதேம்மா, என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள், பிறகு சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல நின்று அம்மாவைப் பார்த்தாள். லோகேஸ்வரி ரூட்டரைப் பார்த்தாள். சிவப்பு அணைந்து, எல்லாம் பச்சையாக இருந்தது.

பாயில் கிடந்த ஃபோன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது, நிற்கவே இல்லை. ஷாமினிதான் குனிந்து எடுத்தாள். ஒன்பது தடவை கூப்பிட்டிருக்காரும்மா, கடைசி மூணு முப்பத்தொண்ணு... வாய்ஸ் ஒண்ணு அனுப்பியிருக்காரு, பன்னிரண்டு செகண்ட். என்ன சொல்லியிருப்பான், திட்டியிருப்பானா, திட்டியிருந்தா தேவலை, கூட்டிட்டுப் போயிடுன்னு சொல்லியிருந்தா? போடட்டுமாம்மா, என்று கேட்டாள் மகள், விரல் அதன் மேலேயே இருந்தது. லோகேஸ்வரியின் கை எழுந்து போனது, ஃபோனுக்கு இல்லை, பிளக்குக்கு. வெளியே சாயங்கால வெயில் கொடியில் மிச்சமிருந்த துணிகள் மேல் அடித்துக்கொண்டிருந்தது. மூணு மணிக்கும் கை இப்படித்தான் தானாகப் போனது, காது எந்த இடியையும் கேட்டிருக்கவில்லை.