அட்டைக் கட்டில்

புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு மேஃபீல்டில் கெரின் மல்காஹியின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினோம், நானும் ப்ரான்வினும். ப்ரான்வின் என் முதலாளி. விற்பனைக்கு வரும் வீடுகளுக்கு வாடகைச் சாமான்களைக் கொண்டுவந்து போட்டு, வாங்க வருகிறவர்கள் கண்ணுக்குப் பிடித்த மாதிரி செய்து கொடுப்பது அவள் தொழில். நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன் மாலைகளில் இதே வேலைக்கான வகுப்புக்கும் போகிறேன். ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதுகிறார்கள். எனக்கு எதை விடலாம் என்று தெரிவதில்லை.

கெரின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கதவைத் திறந்ததும், "வாங்க வாங்க. என் வீட்ட எனக்கே அடையாளம் தெரியாம பண்ணப் போறவங்க நீங்கதானே?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இரண்டு உயரமான நாய்கள் நின்றன. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. வீட்டின் பின்புறத்தில் ஏழெட்டு அடி வைத்தால் வேலி வந்துவிடும். நாய்கள் ஓடுவதற்காகவே டங்காக் பக்கம் மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலத்தோடு ஒரு சின்ன வீடு பார்த்திருந்தாள். நெவில் என்ற விவசாயியின் இடம். மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வீட்டின் ஏலம் இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. அன்று விற்காவிட்டால் டங்காக் கைவிட்டுப் போகும்.

"இன்னொரு இடம் இப்படிக் கிடைக்காது, கண்ணு. ரெண்டு வருஷமா தேடினேன்" என்று என்னிடம் சொன்னாள்.

சிக்கல் பின்னறையில் இருந்தது. நாய்கள் படுக்கும் அறை அது. மூன்று படுக்கையறை வீடு என்று ஏஜென்ட் லாக்லன் விளம்பரம் போட்டுவிட்டான். நான் அளந்து பார்த்தேன். நீளம் இரண்டு மீட்டர் அறுபது, அகலம் இரண்டரை. மறுபடியும் அளந்தேன். அதே கணக்குதான்.

"பெரிய கட்டில் போட்டா கதவு பாதிதான் திறக்கும்" என்றேன்.

"பெரிய கட்டில் யாரு போடப் போறா?" என்றாள் ப்ரான்வின். "அட்டைக் கட்டில எடுத்துட்டு வா."

எங்கள் தொழிலில் இது சாதாரணம். எட்டு அட்டைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, மேலே காற்று மெத்தை, அதன் மேல் தரைவரை தொங்கும் போர்வை, ஆறு குஷன். நிஜக் கட்டிலைவிட ஒரு சாண் குட்டை, ஒரு சாண் ஒல்லி. பக்கத்து மேசைகளும் பாதி அகலம்தான். வாசலில் நின்று பார்த்தால் அறை திடீரென்று பெரிதாகிவிடும்.

"காலி அறை சின்னதாத் தெரியும், டாம்சின். உங்க வகுப்புல முதல் பாடமே அதுதானே?" என்றாள் ப்ரான்வின் என்னிடம்.

அதுதான். நானே அதை நோட்டில் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் கெரின் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. இங்க யாரு குடியிருக்கா? ரொம்ப சுத்தமான ஆளு போல" என்றாள். அந்தக் கட்டிலில் உட்காரக் கூடாது என்று சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை பதினான்கு பேர் பார்க்க வந்தார்கள். பாதிப் பேர் அதே தெருக்காரர்கள், கெரினின் சமையலறையைப் பார்க்க ஆறு வருஷம் காத்திருந்தவர்கள். இரண்டாவது சனிக்கிழமைதான் ஈவெட் வந்தாள், அப்பா ஆத்தலை அழைத்துக்கொண்டு. அவர் வாக்கர் பிடித்து மெதுவாக நடந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவராம். ஈவெட் மற்றவர்களைப் போல விளக்கையும் தலையணையையும் பார்க்கவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து மூடினாள். வாசல்படியின் உயரத்தைக் காலால் பார்த்தாள். வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மெத்தையில் காற்று மெல்லக் கசியும். ஒவ்வொரு முறை ஆட்கள் பார்க்க வீட்டைத் திறப்பதற்கு முன்பும் அடித்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் நான் அங்கே இருந்தேன். பம்பை அலமாரியில் ஒளித்துவிட்டுத் திரும்பியபோது ஆத்தல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். அவர் விழவில்லை, மெதுவாக இறங்கினார். இரண்டு பெட்டிகள் அமுங்கின. முழங்கால்கள் முகத்துக்கு நேரே வரும்வரை போய் நின்றார்.

"ஈவெட்," என்று நிதானமாகக் கூப்பிட்டார், "கப்பல் முழுகுது. நான் கேப்டன், கடைசியாத்தான் வருவேன்."

அவரைத் தூக்கி நிறுத்தினோம். ஈவெட் போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். வாழைப்பழப் பெட்டி என்று அட்டையில் அச்சடித்திருந்தது.

"இந்த ரூம்ல நிஜக் கட்டில் கொள்ளுமா?" என்று கேட்டாள்.

"தாராளமா. ரெண்டு பேர் படுக்கற குயின் சைஸே அழகா உக்காரும்" என்றான் லாக்லன் வாசலில் இருந்து.

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா."

"போடலாம்," என்றேன், "ஆனா கதவு பாதிதான் திறக்கும்."

ஈவெட் தலையாட்டினாள். அப்பாவின் வாக்கரைத் திருப்பிவிட்டாள். இருவரும் போனார்கள்.

"சபாஷ்," என்றான் லாக்லன். "மொத்தத்துல நிஜமா வாங்க வந்தது அவங்க ஒருத்தங்கதான். வெரட்டிட்ட."

கெரின் நாய்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருந்தாள். அவள் வரும்வரை வாசலில் காத்திருந்தேன். வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன்.

அவள் நாய்களின் கால் மணலைத் துடைத்து முடித்தாள். பிறகு, "உனக்கு மனசாட்சி சுத்தமா இருக்கு. எனக்கு வீடு போச்சு. அப்படித்தானே?" என்றாள்.

"பொய் சொல்ல வரல எனக்கு."

"பொய் சொல்லச் சொல்லல. அந்தப் பெரியவர் எந்தக் கட்டில்ல படுக்கிறார்னு கேட்டியா?"

கேட்கவில்லை. உண்மையைச் சொன்ன பெருமை அந்த இடத்தில் கழன்று விழுந்தது. வாக்கரோடு நடக்கிற மனிதர் இரண்டு பேர் படுக்கும் கட்டிலிலா தூங்குவார்? என்னிடம் கேட்டதற்கு அளவு சொன்னேன். அவர்களுக்கு வேண்டிய அளவை நினைத்தே பார்க்கவில்லை. மீட்டர் கணக்கில் எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு இதைக் கோட்டை விட்டேனே என்று அன்று முழுக்கக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை கெரின் லாக்லனைக் கூப்பிட்டு, ஈவெட்டிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னாள். அவன் முணுமுணுத்தான். "வீடு என்னுது. கேளு" என்றாள். பதில் வந்தது: ஆஸ்பத்திரிக் கட்டில், மோட்டார் வைத்தது, இரண்டு மீட்டர் இருபது நீளம், ஒரு மீட்டர் அகலம்.

நோட்டில் படம் போட்டேன். ஜன்னல் சுவரோடு சேர்த்துப் போட்டால் மிச்சம் ஒன்றரை மீட்டர் இருக்கும். கதவு முழுசாகத் திறக்கும். வாக்கர் சுற்றித் திரும்பும்.

அட்டைக் கட்டிலை எடுத்துவிடலாம் என்று நான் கேட்டபோது ப்ரான்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "காலி அறையா விடப் போறியா? ஏலத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப?"

"தரையில பெயின்ட்டர் டேப் ஒட்டி அவர் கட்டிலோட அளவக் காட்டறேன்."

"வித்தா என் யோசனை. விக்கலேன்னா உன்னுது" என்றாள். கெரின் சரி என்றதால்தான் அவள் விட்டாள்.

புதன்கிழமை ஈவெட் தனியாக வந்தாள். தரையில் நீல நாடாவால் ஒட்டிய செவ்வகத்தைச் சுற்றி நடந்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். தன் கைப்பையிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்து என் அளவைச் சரிபார்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. "யோசிக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பத்தரைக்கு முன்புல்வெளியில் நாற்பது பேர் இருந்தார்கள், கையில் காப்பி, குழந்தை வண்டி, நாய். ஏறக்குறைய எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்கள். ஏலம் கேட்கப் பெயர் கொடுத்தது ஒரே ஒருவன், சைக்கிள் உடையில் வந்த ஓர் இளைஞன். வாங்கி வாடகைக்கு விடப் போகிறவன். பின்னறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒருத்தன் மட்டும்னா அவன் எதுக்கு விலைய ஏத்தப் போறான்?" என்று லாக்லன் பல்லைக் கடித்தான். கெரின் எழுதிக் கொடுத்த அடிவிலையைத் தொடாவிட்டால் விற்பனை கிடையாது. கெரின் சமையலறையில் நாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏலக்காரர் விதிகளைப் படிக்கத் தொடங்கியபோது ஒரு பழைய வெள்ளை வண்டி வந்து நின்றது. ஈவெட் இறங்கி, அப்பாவை உள்ளேயே விட்டுவிட்டு, லாக்லனிடம் நேரே போய்ப் பெயர் கொடுத்தாள்.

இளைஞன் முதலில் மிகக் குறைவாகக் கேட்டான். ஈவெட் கையைத் தூக்கினாள். அவன் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏலக்காரர், "இப்ப வீடு விற்பனைக்கு" என்று சத்தமாகச் சொன்னார். அடிவிலை தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஈவெட் இன்னும் இரண்டு முறை கை தூக்கினாள். மூன்றாவது முறை வண்டிப் பக்கம் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

சுத்தியல் விழுந்தது. இளைஞனுக்கு.

தெருக்காரர்கள் கை தட்டினார்கள். உள்ளே போனேன். கெரின் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். நெவில் எடுக்கவில்லை. "மாட்டுக் கொட்டில்ல இருப்பார்," என்று எனக்குச் சொல்லிவிட்டு, பீப் சத்தத்துக்குப் பிறகு, "நெவில், நான் கெரின். வித்துருச்சு. வேற யாருக்கும் குடுத்துராதீங்க" என்றாள். போனை வைத்தபின் இரண்டு கைகளாலும் ஒரு நாயின் காதுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க வரலேன்னா அவன் ஏத்தியிருக்க மாட்டான்" என்றாள், நாயைப் பார்த்தபடியே. "போய்ச் சொல்லு, நான் தேங்க்ஸ் சொன்னேன்னு. வேண்டாம், இரு. நானே வரேன்."

வெளியே ஈவெட் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். கெரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல," என்றாள் ஈவெட். "உங்க நாய்ங்க நல்லா ஓடட்டும்."

வண்டிக்குள்ளிருந்து ஆத்தல் ஜன்னலை இறக்கி என்னைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு வாராட்டாவுல இன்னொரு வீட்டப் பாக்கறதுக்குத் திறக்கறாங்க. அங்க கட்டில்ல நான் உக்கார மாட்டேன். ஏம்மா, நீ வரியா? முதல்ல நீ உக்காந்து பாரு."

மணி பதினொன்று பத்து. ப்ரான்வினிடம் கேட்டேன். "சாமான் ஏத்த ரெண்டு மணிக்கு வந்துரு" என்றாள். பின் இருக்கையில் வாக்கரைக் கொஞ்சம் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.