தலைவலி என்று சொல்லிவிட்டு

பகலில் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். மாலைநேரப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை. படிப்பை விட்டுவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் சொன்னால் அப்பா திட்டமாட்டார், முகம் மட்டும் சுண்டிப்போகும். அதுதான் எனக்குத் தாங்காது. யாரிடமாவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், இது முடிவா, வெறும் அசதியா என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பே சரிதானா என்றும் சந்தேகம்.

எங்கள் பள்ளி ஆலோசகர் முன்பெல்லாம் முதலுதவி அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு திரை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் போவோம். மாத்திரை கேட்பதுபோல நுழைந்து, திரைக்குப் பின்னால் அழுதுவிட்டு வருவோம். ஏன் எதற்கு என்று கேட்க ஆளில்லை.

இந்த மாதம் அவருக்குத் தனி அறை கொடுத்தார்கள். புதுப் பெயிண்ட், மெத்தை நாற்காலி, வாசலில் ‘மனநல ஆலோசனை’ என்று பெரிய பலகை. தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிரே. அதன்பிறகு ஈ காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை.

இன்று குழாயடியில் தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் என் பெஞ்சுக்காரி. பட்டப்பெயர் ஒலிபெருக்கி.

“என்னடி, ஒட்டகமா நீ? உள்ள போறதுன்னா போ. யாரும் பாக்கல.”

“நீ பாக்குறியே.”

“நான் பாத்தா ஊரே பாத்த மாதிரிதான்,” என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

சிரிப்பு வந்தது. உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

ஆலோசகரே வெளியே வந்தார். “யாருமே வர்றதில்லையேம்மா. ரூம் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கு மிஸ். அங்கன்னா தலைவலின்னு சொல்லிட்டு வரலாம். இங்க என்னன்னு சொல்லிட்டு வர்றது?”

அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, முதலுதவி அறைப் பக்கம் நடந்தார்.

கொஞ்ச நேரம் விட்டு நானும் கிளம்பினேன். ஒலிபெருக்கியிடம் “தலைவலி” என்றேன்.

“எனக்கு நாளைக்கு வரும்,” என்றாள்.

திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புத்தி சொல்லவில்லை. அப்பாவிடம் தான் பேசட்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். அப்புறம் மேசையில் தலை சாய்த்தேன், தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. மணி அடித்ததும் தோளைத் தொட்டு எழுப்பினார்.

“தலைவலி போச்சா?”

“பாதி.”

“மீதிக்கு அடுத்த வாரம் வா.”

படிப்பை விடுவதையும் அதுவரை தள்ளிவைத்துவிட்டுக் கணக்கு வகுப்புக்குப் போனேன்.