பச்சையப்பன் பெட்டியில் மழை

சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாயும் மோட்டார் சாமானும் விற்கிற சுருளிராஜன், சொன்ன விலையிலிருந்து இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. இறங்கப்போவது போல் ஒரு பெருமூச்சு விடுவான். வாங்க வந்தவர் அந்தப் பெருமூச்சையே தள்ளுபடியாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்பேர்ப்பட்டவன் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, உச்சி வெயிலில், இரண்டு கையிலும் தீச்சட்டி ஏந்தி நின்றான். மகள் மகாலட்சுமிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தால் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான். கிடைத்துவிட்டது. அம்மன் சன்னதி போய்ச் சேரும்வரை சட்டியைக் கீழே வைக்கக் கூடாது. கூட்டமோ நகர்வேனா என்றது.

வேப்பிலையால் விசிறிக்கொண்டு கூடவே வந்த மனைவி பாண்டீஸ்வரியிடம் இருந்த போன் அடித்தது. மகள்தான். அவள் அதை அவன் காதில் வைத்தாள்.

"அப்பா, பச்சையப்பன் பெட்டியில ஒண்ணுமே தெரியல. பூராம் புகையா இருக்கு. மோட்டர் ஓடிக்கிட்டே இருக்கா?"

பச்சையப்பன் என்பது மகள் வளர்க்கிற இகுவானா. முழங்கை நீளத்துக்குப் பச்சைப் பல்லி; தாடைக்கு அடியில் தோல் தொங்கும்; விலை படியாத வியாபாரி போல எல்லோரையும் ஒற்றைக் கண்ணால் பார்க்கும். பெங்களூர் விடுதியில் அதற்கு இடமில்லை என்பதால் அப்பனிடம் விட்டுப் போயிருந்தாள். பேக்கரியிலிருந்து வாங்கிய பழைய கண்ணாடி அலமாரிதான் அதன் வீடு; பெங்களூரிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு கேமராவும் மாட்டியிருந்தாள். சித்திரை வெயிலில் தோல் காய்ந்துவிடாமல் இருக்க உள்ளே அவ்வப்போது பனி போலத் தண்ணீர் தூவ வேண்டும்.

எப்படி என்றும் மகள் சொல்லித்தான் போனாள். சின்ன நாசில் போதும். டைமர் வைத்து அரை நிமிடம் தூவினால் போதும். அடியில் அகலமாக வடிகுழாய். அது வெயில் காய்வதற்கான சூடு விளக்கின் பிளக் பெட்டி கண்ணாடிக்கு வெளியே, மேலே. தண்ணீர் பட்டுக் கரண்ட் கசிந்தால் உடனே அறுத்துவிடும் சுவிட்ச் ஒன்று.

ஊருக்கே தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு இதெல்லாம் பாடமா? நாற்றுப் பண்ணைக்குப் போடும் பெரிய நாசில்களைப் போட்டான், கடையில் கிடந்தது. வடிகாலுக்குச் சொட்டுநீர்ச் சிறுகுழாய், அதுவும் கிடந்தது. கசிவு சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேர் கனெக்ஷன் கொடுத்தான். பிளக் பெட்டி அலமாரிக்குள்ளேயே ஒரு செங்கல்மேல் உட்கார்ந்தது. கரண்ட் போய் வந்தால் டைமர் நேரத்தை மறந்துவிடுகிறதென்று அதையும் கழற்றிவிட்டு, தோட்டத்து மோட்டாருக்குப் போடுகிற ஆட்டோவை மாட்டினான். பள்ளத்தாக்கில் பாதித் தோட்டத்துக்கு அவன் விற்ற ஆட்டோதான். அதைப் போட்டுவிட்டால், எந்நேரம் கரண்ட் வந்தாலும் ஆள் இல்லாமலே மோட்டார் ஓடும். கரண்ட் போனால் நிற்கும்.

அன்று காலை கிளம்பும்போது கரண்ட் இல்லை. தோட்டக்காரன் எவனும் செய்வதைத்தான் அவன் கையும் செய்தது. ஆட்டோவைத் தட்டிவிட்டு வீட்டைப் பூட்டினான். தோட்டத்துக் கரண்ட் வந்த வேகத்தில் போய்விடும். வீட்டுக் கரண்ட் அப்படிப் போகாது என்பது இப்போதுதான் உறைத்தது.

பாண்டீஸ்வரி போனை ஸ்பீக்கரில் போட்டு, அலமாரிக் கேமராவின் படத்தைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெள்ளைப் படலத்துக்கு ஊடே தண்ணீர் மினுங்கியது. பச்சையப்பன் ஏறி உட்கார வைத்த மரக்கொப்பின் நுனியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. தண்ணீர் செங்கல்லின் பாதி உயரத்தில் நின்றது.

"வடிகுழாய் அடைச்சிருக்குப்பா. உரிச்ச தோல் போய் உக்காந்திருக்கும். அந்தப் பிளக் பெட்டிய மேல வச்சீகளா, இல்லையா?"

"செங்கல்மேல வச்சிருக்கேன்மா," என்றான் சுருளிராஜன்.

"எதுத்த வீட்டுக்குப் போன் போடவா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"அவுக நமக்கு முன்னாடி சட்டி தூக்கிட்டுப் போறாக. தெருவே இங்கனதான் நிக்குது. வினோத்ராஜுக்குப் போடு."

வினோத்ராஜ் லைன்மேன். கரண்ட் எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டே சுருளிராஜன் அவனுக்குப் பழக்கம். மகளை லைனில் நிறுத்தி வைத்துவிட்டுப் பாண்டீஸ்வரி அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, எங்க ஏரியாக் கரண்ட்டக் கொஞ்சம் நிப்பாட்டணும்."

"அண்ணே, வெயில்ல சட்டி எடுக்கீகளா? யாரையாச்சும் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

"வெளையாடாத தம்பி. வீட்டுல ஒரு உசுரு கெடக்கு."

விவரம் கேட்டதும் அவன் குரல் இறங்கியது. "நானே இங்கன தேர் டூட்டில நிக்கேன். சப்-ஸ்டேஷன்ல சொல்லிப் பாக்கேன். உங்க லைன்லதான் ஐஸ் கம்பெனி இருக்கு. ரொம்ப நேரம் நிறுத்துனா என் சட்டையப் புடிப்பாக."

சுருளிராஜன் நெருப்பைப் பார்த்தான். தாயே, கரண்ட் நிற்கட்டும், அடுத்த வருசமும் சட்டி எடுக்கிறேன். இல்லை, ஆயிரங்கண் பானை எடுக்கிறேன். இரண்டும் எடுக்கிறேன். எதிராளி வாய் திறக்கும் முன்பே அவன் விலையை ஏற்றியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திரையில் தண்ணீர் செங்கல்லின் விளிம்பைத் தொட்டது. பச்சை உருவம் கொப்பிலிருந்து வழுக்கி, நீந்தி, மறுபடி பிடித்தது. உடனே திரை கறுத்தது.

"நின்னுருச்சு," என்றாள் பாண்டீஸ்வரி. "லைன்மேன் சொன்ன மாதிரி செஞ்சுட்டாரு."

"கரண்ட் போனதால கேமரா நின்னுச்சா, தண்ணி உள்ள போயி எல்லாம் நின்னுச்சான்னு எப்படித் தெரியும்?" என்றாள் மறுபடி லைனில் வந்த மகள். "அப்பா, பச்சையப்பன் இருக்கானா?"

"கரண்ட் வந்தாத் தெரியும்மா."

"கரண்ட் வந்தா மோட்டரும் ஓடுமே."

பாண்டீஸ்வரி அதற்குமேல் நிற்கவில்லை. சாவியை எடுத்தாள். "பஸ்ஸச் சீலையம்பட்டியோட நிப்பாட்டிட்டாக. அதுவரைக்கும் நடந்து போயி ஏறிக்கிடுறேன். நீங்க சட்டியக் கீழ வச்சுராதீக." போனும் அவளோடு போனது. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அவள் தலை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

கை காந்தியது. பேரத்தை மறுபடி தொடங்கலாம் என்று அம்மனைக் கூப்பிட்டான். கரண்ட் வேண்டும் என்று கேட்பதா, வேண்டாம் என்று கேட்பதா என்று தெரியாமல், கூப்பிட்ட வாய் திறந்தபடியே நின்றது. பின்னாலிருந்தவர், "நகருங்கண்ணே," என்றார். முன்னால் இடமில்லை.