கண்ணாடிக்குள் வெயில்

கத்தாரில் ஊரான் வீட்டுக்கெல்லாம் ஏசி மாட்டிச் சம்பாதித்த காசில் கண்ணன் வாங்கிய கார் அது. தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வான். சித்திரை உச்சி வெயிலில் குன்றாண்டார்கோவிலில் பூசை போட்டுவிட்டு, அர்ச்சனைத் தட்டை அப்படியே டிரைவர் சீட்டில் வைத்தான். தட்டில் சாவி, அதை ஒட்டித் தேங்காய் மூடி. பின்சீட்டில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்க எல்லோரும் இறங்கினார்கள். ஏசிக் குளுமை வெளியே போய்விடக் கூடாதென்று கண்ணன் கதவை வேறு சாத்தினான். மகா புத்திசாலி.

சாத்திய வேகத்தில் தேங்காய் மூடி புரண்டு சாவியின் பொத்தானை அழுத்தியது. நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

"இன்னொரு சாவி வீட்டு பீரோவுல இருக்கு. பிச்சைக்கிட்டச் சொல்லிட்டேன். இலுப்பூர்லேருந்து பைக்ல பறந்து வந்துருவான்" என்றான் கண்ணன். பிச்சை அவன் சித்தப்பா மகன், பக்கத்து வீடு.

அவன் மனைவி சுகுணா பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள். கதவில் கை வைத்தாள், தகரம் பொசுக்கியது. அது வெப்பக் கடத்தல். உள்ளே சூடேறிய காற்று மேலே போய்க் கீழே இறங்கி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றும். அது வெப்பச் சலனம். இவை இரண்டும்கூடப் பரவாயில்லை. ஒன்றுமே இல்லாத வெட்டவெளியைத் தாண்டி வருகிற சூரியச் சூடு கண்ணாடி வழியாகப் போய் சீட்டில் இறங்கும். சீட்டு திருப்பி விடுகிற சூட்டைக் கண்ணாடி வெளியே விடாது. வருஷா வருஷம் போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டிய பாடம். அந்த அம்புக்குறிகளுக்கு நடுவில் இப்போது அவள் பிள்ளை கிடந்தது.

மாமனார் அடைக்கலம் குடத்துத் தண்ணீரைக் கார் மேல் ஊற்றினார். வழிந்து தரைக்கு வருவதற்குள் அது வெந்நீராகியது. பாப்பா விழித்து அலறியது.

"கண்ணாடியை ஒடைச்சிரலாங்க மாமா."

"சாமி வாசல்லயா தாயி? மொத நாளே ஒடஞ்சா வண்டி காவு கேக்கும்பாக. சித்த பொறு."

"பிச்சை இந்நேரம் பாதித் தூரம் வந்திருப்பான் சுகுணா" என்றான் கண்ணன்.

வந்திருப்பானாம். சுகுணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் அலறல் நின்றது.

"பாரு, தூங்கிட்டா" என்றான் கண்ணன்.

சுகுணா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். பாப்பாவின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நெற்றியில் சொட்டு வியர்வை இல்லை. வாய் பிளந்திருந்தது.

அவள் கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். கண்ணன் கையைப் பிடித்தான்.

"விடுங்க கையை. இல்லேன்னா ஒங்களையும் அடிப்பேன்."

அவன் விட்டான். பாப்பாவை விட்டுத் தள்ளியிருந்த முன்கதவுக்குப் போய் அடித்தாள். கல் எகிறியது. மூலையைப் பார்த்து மறுபடி ஓங்கி அடித்தாள். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. உள்ளிருந்து அனல் வந்து முகத்தில் அறைந்தது. கை கிழிந்ததுகூடத் தெரியாமல் பூட்டை விடுவித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரத்து நிழலுக்கு ஓடினாள். பிள்ளை துவண்டு தொங்கியது. அடைக்கலம் துண்டை நனைத்து நனைத்துப் போர்த்தினார். கன்னத்தைத் தட்டினாள், அசைவில்லை. இன்னும் தட்டினாள். பாப்பா வாந்தி எடுத்தது, பிறகு ஈனக் குரலில் அழுதது. சுகுணாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மெயின் ரோட்டில் ஏறியதும் கண்ணனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, இவ்வளவு நேரமா லைனே கெடைக்கல. எந்த பீரோன்னு சொல்லவே இல்லையேண்ணே. ரெண்டையும் கொட்டிக் கவுத்துட்டேன். சாவியக் காணோம்."

பின்சீட்டில் பேத்தியின் காலைப் பிடித்தபடி இருந்த அடைக்கலம்தான் பதில் சொன்னார்.

"தேட வேணாம்டா பிச்சை. புள்ள முழிச்சிருச்சு."